ஆய்வை எண்ணுகிறோம், படிக்கிறோமா?

ஒவ்வோர் ஆண்டும் செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் ஒரு பட்டியல் சுற்றுக்கு வரும். அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய ‘உலகின் முதல் 2 வீத விஞ்ஞானிகள்’ பட்டியல். அதில் நம்மவர் எத்தனை பேர், எந்தப் பல்கலைக்கழகம் முந்தியது என்று பத்திரிகைகளும் முகநூலும் ஒரு கிழமை கொண்டாடும். பெயர் வராதவர்கள் இருக்கும் பீடங்களில் ஒரு கிழமை முணுமுணுப்பு. பிறகு எல்லாம் அடங்கிவிடும். ஆனால் எதை ஆராய்வது, எந்த மொழியில் எழுதுவது, யாரைப் பேராசிரியராக உயர்த்துவது என்பவற்றை இத்தகைய எண்கள் தீர்மானிப்பது மட்டும் ஆண்டு முழுவதும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சண்டிலிப்பாயில் வெங்காயம் நடுகிறவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்றால், அதன் செலவை நாட்டு மக்கள் எல்லோரும் சேர்ந்து கட்டுகிறார்கள் என்று பொருள். கடையில் சீனி வாங்கும்போதே வரி கட்டிவிடுகிற ஒருவருக்கு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை உண்டு. அந்த ஆய்வுகூடம் அவருடைய கிணற்றை எட்டிப் பார்க்குமா என்பதில் இந்த எண்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எண்களின் பிறப்பு

கணக்கு எளிமையானதுதான். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிறகு எழுதுகிறவர்கள் எத்தனை தடவை எடுத்துக்காட்டினார்கள் என்பது மேற்கோள் எண்ணிக்கை. ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பது அந்த இதழின் தாக்கக் காரணி. பத்துத் தடவையாவது எடுத்துக்காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவரிடம் பத்து இருந்தால் அவருடைய எச்-சுட்டெண் 10. இருபது தடவை பெற்றவை இருபது இருந்தால் 20.

இவற்றை உருவாக்கியவர்கள் யாரையும் வதைக்க நினைக்கவில்லை. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955இல் மேற்கோள் சுட்டி பற்றி எழுதியபோது, ஒரு கருத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தேடிப் பிடிக்கும் வழியைத்தான் சொன்னார். அதன் வழியாக வந்த தாக்கக் காரணி, குறைந்த பணத்தில் எந்த இதழ்களை வாங்குவது என்று தீர்மானிக்க நூலகர்களுக்கு உதவியது. எச்-சுட்டெண் 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்தது. நூலகத்துக்கு இதழ் வாங்கப் பிறந்த எண் காலப்போக்கில் மனிதரை நிறுக்கும் எண்ணாகிவிட்டது.

முதலில் சொன்ன 2 வீதப் பட்டியலுக்கு ஆதாரம் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளம். அதை நடத்துவது எல்செவியர் என்ற பதிப்பு நிறுவனம். ஸ்கோபஸில் இடம்பெறாத இதழில் வந்த கட்டுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு அந்தப் பட்டியலில் மதிப்பு இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் ‘சிந்தனை’ இதழில் தமிழில் எழுதுகிறவர் அந்தக் கணக்கைப் பொறுத்தவரை எழுதவே இல்லை.

பல்கலைக்கழகத் தரவரிசைகள் வேறொரு கதை. இலங்கையில் அடிக்கடி பெருமையோடு அறிவிக்கப்படும் வெபோமெற்றிக்ஸ் தரவரிசையில், அண்மைய ஆண்டுகளில், பாதிப் புள்ளி பல்கலைக்கழக இணையத்தளத்துக்கு வெளித் தளங்கள் கொடுக்கும் இணைப்புகளுக்கு வழங்கப்பட்டது. கியூ.எஸ். தரவரிசையில் 45 வீதம், கல்வியாளர்களிடமும் வேலை கொடுப்போரிடமும் அபிப்பிராயம் கேட்டுப் போடும் புள்ளி. பெயர் எடுத்தவருக்கு மேலும் பெயர் கிடைக்கிற ஏற்பாடு இது. இரண்டிலும் ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் திறந்து வாசிக்கும் கட்டம் என்று எதுவும் இல்லை. ‘நமது பல்கலைக்கழகம் இத்தனை இடம் முன்னேறியது’ என்று பதாகை கட்டுவதற்கு முன்னர் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

கிணறுகள் சொல்வது

வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் சண்டிலிப்பாயில்தான் இருக்கிறது. வழுக்கையாறு இந்தப் பக்கமாகத்தான் ஓடி அராலியில் கடல் நீரேரியோடு சேர்கிறது. அதுவும் மாரியில் மட்டும். வருடம் முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீரே குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும். மேலே போடும் பசளையும் மலக்குழிக் கசிவும் அந்த வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை 1980களிலேயே நம் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். எங்கே எழுதினார்கள்? 1983இல் இலங்கைத் தேசிய விஞ்ஞான சபையின் இதழில். 1988இல், விவசாயத் திணைக்களம் வெளியிடும், 1881இல் தொடங்கிய ‘ற்ரொப்பிக்கல் அக்ரிகல்சறிஸ்ற்’ இதழில். உலகத் தாக்கக் காரணிப் பட்டியல்களில் மேலே நிற்கிற இதழ்கள் இல்லை இவை. ஆனால் ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை வைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரைப் பற்றி நமக்கு எச்சரிக்கை தந்தவை இப்படிப்பட்ட இதழ்கள்தாம்.

பிறகு சுன்னாகம். அங்கிருந்த மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது என்ற பிரச்சினை உயர் நீதிமன்றம்வரை போனது. 2019 ஏப்ரிலில் வந்த தீர்ப்பு, சம்பந்தப்பட்ட நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. அந்த ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றியிருந்த சனங்கள் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் வந்தன. தண்ணீர் பவுசர்கள் வந்தன. தெளிவான, தொடர்ச்சியான, எல்லோரும் நம்பக்கூடிய ஓர் அளவீட்டுப் பதிவு கையில் இருந்திருந்தால் நிலைமை வேறு.

அத்தகைய பதிவு ஏன் இல்லை? ஒரே ஐம்பது கிணறுகளை இருபது ஆண்டுகள், மாரியிலும் கோடையிலும், ஒரே முறையில் அளந்துகொண்டிருக்கும் வேலைக்கு நம் பதவி உயர்வுப் புள்ளித் திட்டங்களில் பெறுமதி குறைவு. முதலாவது அளவீடு ஒரு கட்டுரை ஆகும். இரண்டாவதும் ஆகலாம். மூன்றாம் ஆண்டு அதே கிணறுகளின் கணக்கை அனுப்பினால், ‘இதில் புதிதாக என்ன இருக்கிறது’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார் தூரதேசத்து இதழாசிரியர். அவருடைய இடத்தில் அது நியாயமான கேள்வி. சண்டிலிப்பாய்க்கோ பழைய அளவீட்டைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் தேவை. பதவி உயர்வை எதிர்பார்த்திருக்கும் ஓர் இளம் விரிவுரையாளர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்வார்? அவரைக் குறைசொல்லவும் முடியாது. அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது.

ஆனைக்கோட்டை எங்கே பதிவாகும்?

விஞ்ஞானத்தில் இப்படியென்றால் வரலாறு, மொழி, இலக்கியம் ஆகியவற்றின் கதி இன்னும் மோசம். இதே பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கும் ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்வு செய்தார்கள். எலும்புக்கூடுகளும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்றும் கிடைத்தன. குடாநாட்டின் ஆதிக் குடியேற்றம் பற்றி அதுவரை பேசப்பட்ட பல கதைகளை அந்த அகழ்வு திருத்தி எழுதவைத்தது. அதில் பங்குகொண்ட பொ. இரகுபதி, குடாநாட்டின் பழைய குடியிருப்புகளை ஊர் ஊராக நடந்து ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் 1987இல் சென்னையில் வெளியானது. யாழ்ப்பாணத்தின் தொன்மையைப் பற்றி எழுதுகிற எவரும் இன்றும் அதைக் கையிலெடுக்காமல் எழுத முடியாது.

அந்த நூலுக்குத் தாக்கக் காரணி எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை. தாக்கக் காரணி இதழ்களுக்கு உரியது, நூல்களுக்கு இல்லை. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி, கா. இந்திரபாலா என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பெயரை உலகெங்கும் அறியச் செய்தவர்களின் பெரும் பங்களிப்பு நூல்களிலும், கருத்தரங்குக் கட்டுரைகளிலும், இன்று எந்தத் தரவுத்தளமும் தொடாத தமிழ்ச் சஞ்சிகைகளிலும் இருக்கிறது. கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானவர். இன்றைய புள்ளித்தாளைக் கையில் கொடுத்து அவரைத் தேர்வு செய்யச் சொன்னால் நம் தேர்வுக்குழுக்கள் திண்டாடிப் போகும்.

போர்க்காலத்தையும் எண்ணுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1990களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, கடிதம் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்தபோது பல்கலைக்கழகத்தினரும் சனங்களோடு சனங்களாக நடந்தார்கள். அந்த ஆண்டுகளில் வகுப்பு நடத்தி, பரீட்சை வைத்து, பட்டம் கொடுத்ததே ஒரு சாதனை. ஸ்கோபஸ் வரைபடத்தில் அது வெறும் பள்ளம். ஐந்தாண்டு, பத்தாண்டு வளர்ச்சி வீதம் பார்த்துப் பல்கலைக்கழகங்களை ஒப்பிடுகிறவர்களின் கண்ணுக்கு அந்தப் பள்ளத்துக்கான காரணம் தெரியப்போவதில்லை.

துரைராஜாவின் கணக்கு

எண்கள் எல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. அழகையா துரைராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். வடமராட்சிக்காரர். கேம்பிரிட்ஜில் மண்பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963இல் ‘ஜியோரெக்னிக்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, ஈரக் களிமண் சுமையின் கீழ் எப்படி இளகிக் கொடுக்கிறது என்பதைக் கணிக்க ஒரு புதிய வழியைத் திறந்தது. ‘காம் கிளே’ என்று அழைக்கப்படும் அந்த மாதிரியை அறுபது ஆண்டுகள் கழித்தும் உலகப் பொறியியல் பீடங்களில் படிப்பிக்கிறார்கள். அந்தக் கட்டுரைக்குக் குவிந்த மேற்கோள்கள் உண்மையைத்தான் சொல்கின்றன. இந்த இடத்தில் எண் சரியாக வேலை செய்கிறது.

ஆனால் அதே எச்-சுட்டெண் எப்படித் தடுமாறும் என்பதற்கும் இத்தகைய கட்டுரையே உதாரணம். ஒருவர் ஆயுளில் நான்கே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் தடவை எடுத்துக்காட்டப்பட்டாலும் அவருடைய சுட்டெண் நான்குதான். நாற்பது சாதாரணக் கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நண்பர்களும் மாணவர்களும் பன்னிரண்டு மேற்கோள் கொடுத்தால் சுட்டெண் பன்னிரண்டு.

இன்னொன்றும் உண்டு. துரைராஜா 1988 முதல் 1994இல் இறக்கும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். வெளிநாட்டில் எங்கும் பெரிய பதவியில் இருந்திருக்கக்கூடியவர், குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் சைக்கிளில் வேலைக்குப் போனார் என்பதை இன்றும் இங்கே நன்றியோடு சொல்வார்கள். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் எழுதாமல் விட்ட கட்டுரைகளுக்குப் பதிலாக எமக்கு ஒரு பல்கலைக்கழகம் மிஞ்சியது.

சென்னையிலிருந்து ஒரு பாடம்

எண்ணைக் குறிவைத்து ஓடினால் என்ன ஆகும் என்பதை அறிய அதிக தூரம் போகத் தேவையில்லை. சென்னையின் சவீதா பல் மருத்துவக் கல்லூரி பற்றி 2023 ஜூனில் ‘சயன்ஸ்’ சஞ்சிகை விரிவான செய்தி வெளியிட்டது. இளநிலை மாணவர்கள் பரீட்சையின் பகுதியாகவே ஆய்வுக் கட்டுரைகளை எழுதுகிறார்கள், அவை ஆயிரக்கணக்கில் வெளியாகின்றன, அவற்றில் அதே கல்லூரியின் பழைய கட்டுரைகள் அளவுக்கு மீறி எடுத்துக்காட்டப்படுகின்றன என்றது அந்தச் செய்தி. அதற்கு முந்தைய ஆண்டு இந்திய அரசின் தேசியத் தரவரிசையில் பல் மருத்துவக் கல்லூரிகளில் முதலிடம் பெற்றிருந்தது அந்தக் கல்லூரி. மீளப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு இனிப் புள்ளி குறைப்போம் என்று அந்தத் தரவரிசையை நடத்துவோர் 2025இல் முடிவெடுத்தார்கள். வெள்ளம் வந்த பிறகாவது அணை கட்டுகிறார்கள்.

சீனா முன்னரே விழித்துக்கொண்டது. கட்டுரை வெளியிட்டால் காசு என்று பல ஆண்டுகள் பரிசு கொடுத்துப் பார்த்து, 2020 பெப்ரவரியில் அந்நாட்டின் இரு அமைச்சுகள் அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டின.

நம்மிடையே பரவியிருக்கும் நோய் கொஞ்சம் வேறு வகை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களிலிருந்து விரிவுரையாளர்களின் மின்னஞ்சலுக்கு நாள்தோறும் அழைப்பு வருகிறது. ‘மூன்று நாளில் மதிப்பாய்வு, ஒரு கிழமையில் வெளியீடு.’ உண்மையான இதழ்களிலும், எல்லோரும் இலவசமாக வாசிக்கத் திறந்த அணுகலில் வெளியிட ஆயிரக்கணக்கில் டொலர் கேட்கிறார்கள். ‘நேச்சர்’ இதழ் 2021இல் அதற்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. 2022இல் ரூபா சரிந்த பிறகு இவற்றை நம் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வீண். போலி இதழின் நூறு டொலர் அப்போது மலிவாகத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்துக்கு இது புரியாத விடயம் இல்லை. இசற் புள்ளிக்காக மட்டும் படிக்கிற பிள்ளை, ரியூட்டறியில் பத்து வருட வினாத்தாளைக் கரைத்துக் குடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் வந்த முதல் மாதத்தில் ஆய்வுகூடத்தில் திகைத்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாங்கள், ஆசிரியர்களை அதே ஓட்டத்தில் விட்டிருக்கிறோம்.

ஆளைப் பார்த்துப் புள்ளி போடும் ஊர்

இனி மறுபக்கம். இதை மனத்தில் வைக்காமல் எழுதினால் நேர்மையாகாது.

எண்களை எடுத்துவிட்டு ‘அறிஞர்கள் வாசித்துத் தீர்மானிக்கட்டும்’ என்று சொல்வது எளிது. எந்த அறிஞர்கள்? யாழ்ப்பாணம் சின்ன இடம். தேர்வுக்குழுவில் இருப்பவர் விண்ணப்பதாரியின் ஆசிரியர், அல்லது மாணவர், அல்லது பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். ஊர், பள்ளிக்கூடம், சாதி, கட்சி என்று எத்தனையோ நூல்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆதரவு யாருமில்லாத ஓர் இளம் ஆய்வாளருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ‘என்னிடம் இத்தனை கட்டுரை, இத்தனை மேற்கோள் இருக்கிறது’ என்று மேசையில் வைக்க ஓர் எண் இருப்பது பெரிய கவசம்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916 ஆம் இலக்கச் சுற்றறிக்கை, பேராசிரியர் பதவி உயர்வுக்குக் கற்பித்தல், ஆய்வும் ஆக்கமும், அறிவைப் பரப்பலும் நாட்டுக்கான பணியும் என்று பிரித்துப் புள்ளி போடுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல். அதைக் கொண்டுவந்ததற்கு நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலை அனுபவித்த சமூகத்துக்கு, எல்லோருக்கும் ஒரே விதி என்பதன் அருமை தெரியும்.

ஆகவே என் கருத்து இதுதான்: எண் காவலாளியாக இருக்கட்டும், நீதிபதியாக வேண்டாம். ஒருவர் எட்டு ஆண்டுகள் ஒன்றுமே எழுதவில்லை என்றால் எண் அதைக் காட்டிக்கொடுக்கும். யாரோ ஒருவருடைய மேற்கோள்களில் பாதி அவர் தன்னைத் தானே எடுத்துக்காட்டியவை என்றால் அதையும் காட்டும். அதற்கு மேல், அந்த வேலை நல்லதா என்பதை அறிய அதை வாசித்தே ஆகவேண்டும். வாசிக்கிறவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் தமிழ் ஆய்வை வாசித்து மதிப்பிடக்கூடியவர்கள் இருக்கிறார்கள். வாசித்தவர் ஏன் நல்லது, ஏன் போதாது என்று எழுத்தில் காரணம் தந்தால் பக்கச்சார்பு ஒளிந்துகொள்ள இடம் குறையும்.

உலகமும் இந்தப் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆளை மதிப்பிடாதீர்கள் என்று 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்னது. 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்த லெய்டன் அறிக்கை பத்துக் கோட்பாடுகளை வைத்தது. அவற்றில் மூன்றாவது, உள்ளூருக்குப் பொருத்தமான ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பது. ஸ்பானிய மொழியில், ஸ்பெயினைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு நேர்ந்ததை அது உதாரணமாகக் காட்டியது. தமிழுக்கு நேர்வதும் அதுவே. பிரித்தானியாவின் 2021 ஆய்வு மதிப்பீட்டில் குழுக்கள் ஆய்வுகளை வாசித்தே மதிப்பிட்டன. மொத்தப் புள்ளியில் 25 வீதம், அந்த ஆய்வால் வெளியுலகில் என்ன மாறியது என்பதற்கு. 2020இல் சென்னை உட்பட இந்தியாவின் ஏழு ஐ.ஐ.ரி.கள் ரைம்ஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையிலிருந்து விலகின. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023இல் விலகியது. வானம் இடிந்து விழவில்லை.

செய்யக்கூடியவை

பதவி உயர்வு விண்ணப்பத்தோடு, எல்லாக் கட்டுரைகளின் பட்டியலுக்கும் மேலாக, விண்ணப்பதாரி தன் மிகச் சிறந்த ஐந்து ஆக்கங்களைத் தெரிந்து இணைக்கட்டும். நூலாக இருக்கலாம், கட்டுரையாக இருக்கலாம், அகழ்வு அறிக்கையாக இருக்கலாம், தமிழிலும் இருக்கலாம். வெளியிலிருந்து இருவராவது அவற்றை முழுமையாக வாசித்து எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையைத் திருத்தும்போது ஆணைக்குழு இதைச் சேர்க்கலாம்.

நீண்டகால அளவீட்டுப் பதிவுகளுக்குத் தனிப் புள்ளி வேண்டும். கிணற்று நீர், மழை, மண், மீன்பிடி, நோய்ப் பரம்பல் என்று ஆண்டுதோறும் சேகரித்து எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்தால், அந்தத் தரவே ஓர் ஆய்வு வெளியீடாகக் கணிக்கப்படட்டும். வலிகாமத்தில் நூறு கிணறுகளைத் தெரிவுசெய்து விவசாய பீடமும் விஞ்ஞான பீடமும் பிரதேச செயலகங்களோடு சேர்ந்து தொடங்கலாம். முடிவுகளைக் கமநல சேவை நிலையங்களின் அறிவித்தற் பலகையில் ஒட்டலாம். விவசாயப் போதனாசிரியர் அதைப் பார்த்துப் பசளை எவ்வளவு போடலாம் என்று சொல்லட்டும்.

துறைக்குத் துறை அளவுகோல் மாறவேண்டும். மருத்துவத்தில் ஒரு கட்டுரைக்கு ஓராண்டில் கிடைக்கும் மேற்கோள் எண்ணிக்கை, தமிழ் இலக்கணத்தில் ஓர் ஆயுள் முழுவதும் கிடைக்காது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடுவதைத் தேர்வுக்குழுக்கள் நிறுத்த வேண்டும்.

தமிழ் ஆய்விதழ்களை நடத்துகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. நம் இதழ்கள் சில சொன்ன திகதிக்கு வருவதில்லை. சிலவற்றில் மதிப்பாய்வு பெயரளவில். பிறந்தநாள் மலருக்கும் ஆய்விதழுக்கும் வேறுபாடு தெரியாத இதழ்களும் உண்டு. ஒழுங்கான கால இடைவெளி, பெயர் மறைத்த இருவர் மதிப்பாய்வு, ஆங்கிலச் சுருக்கம், கட்டுரைக்கு நிரந்தர இலக்கம், இணையத்தில் முழுப் பிரதி ஆகிய ஐந்தும் இருந்தால் தரவுத்தளங்களின் கதவைத் தட்டும் தகுதி வரும். ஆவணப்படுத்தலுக்கு நூலக நிறுவனம் 2005இலிருந்து வழிகாட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் எழுதியதால் மதிப்பில்லை என்று முறையிடும் முன்னர் நாம் செய்யவேண்டிய வீட்டுவேலை இது.

போலி இதழ் விடயத்தில் நூலகர்களுக்கு அதிகாரம் கொடுங்கள். ஓர் இதழ் நம்பத்தக்கதா என்று அரை மணி நேரத்தில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய குறிப்பு இல்லாமல் எந்தக் கட்டுரைக்கும் வெளியீட்டுக் கட்டணம் வழங்கக்கூடாது.

பத்திரிகைகளும் தங்கள் பங்கைச் செய்யலாம். தரவரிசைச் செய்தியைப் போடும்போது அது எதை அளக்கிறது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். அந்த இரண்டு வரியில், உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் தெரிவுசெய்ய உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு உதவி இருக்கிறது.

கடைசியாக, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மூதவையிடம் ஒரு வேண்டுகோள். குடாநாட்டைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வுக்கும், அது எந்த மொழியில் எங்கே வெளிவந்தாலும், ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதிப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் போடவேண்டும் என்று விதியுங்கள். அதில் ஆய்வு எந்த ஊரில் நடந்தது, என்ன தெரியவந்தது, ஊரவர் என்ன செய்யலாம் என்ற மூன்றும் இருக்கட்டும். பிரதேச செயலகங்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை அவற்றைத் தொகுத்து அனுப்புங்கள். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. புதிய சுற்றறிக்கைக்காகக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை.